மாம்பழ ஏற்றுமதியில் வழங்கல் சங்கிலியின் தரம்

மாம்பழ ஏற்றுமதியில் வழங்கல் சங்கிலி என்பது, தோட்டத்தில் பறிக்கப்படும் காய் வெளிநாட்டில் ஒருவர் கையில் பழமாகச் சேரும் வரை கடந்து செல்லும் எல்லாக் கட்டங்களையும் குறிக்கும். பறித்தல், பால் வடித்தல், தரம் பிரித்தல், பூச்சி நீக்கச் சிகிச்சை, குளிரூட்டல், சிப்பமிடல், ஏற்றிச் செல்லுதல், துறைமுக ஆய்வு, விற்பனை ஆகியவை இதில் அடங்கும். ஒவ்வொரு கட்டத்தையும் வெவ்வேறு ஆட்கள் கவனிக்கிறார்கள். பெரும்பாலும் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லை.

இச்சங்கிலியைப் புரிந்துகொள்ள அடிப்படையான உண்மை ஒன்று உண்டு. பழத்தின் தரம் தோட்டத்திலேயே உருவாகிவிடுகிறது. பறித்த பிறகு வரும் எந்தக் கட்டமும் அதைக் கூட்ட இயலாது. குறையாமல் காக்க மட்டுமே இயலும். ஆகவே, ஏற்றுமதித் தரத்தை மேம்படுத்துவது என்பது இறுதியில் கடுமையாகச் சோதிப்பது அன்று. எந்தக் கட்டத்தில் தரம் கசிகிறது எனக் கண்டு, அந்த இடத்திலேயே அடைப்பது ஆகும்.

பின்னணி

உலகில் விளையும் மாம்பழத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு இந்தியாவில் விளைகிறது. ஆயினும் அதில் புதிய பழமாக வெளிநாடு செல்வது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. விளைச்சலில் இந்தியாவைவிட மிகவும் பின்தங்கிய மெக்சிகோ, பெரு, பிரேசில் போன்ற நாடுகள் உலகச் சந்தையில் பெரிய இடத்தைப் பிடித்துள்ளன.

இதற்குப் பல காரணங்கள் உள்ளன. இந்தியாவில் விளையும் பழத்தின் பெரும்பகுதியை உள்நாட்டு மக்களே விரும்பி உண்கிறார்கள் என்பது முதற்காரணம். இரண்டாவது காரணம் இரகம். மேலை நாட்டுக் கடைகளில் நெடுங்காலமாக விற்கப்படும் டாமி அட்கின்ஸ் என்னும் அமெரிக்க இரகம் தடித்த தோலும் நீண்ட வைப்புக் காலமும் கொண்டது, சுவையில் சுமாரானது. கொங்கணக் கரையின் இரத்தினகிரி, சிந்துதுர்க் மாவட்டங்களில் விளையும் அல்போன்சா இதற்கு நேர் எதிர். மணமும் சுவையும் மிகுந்த அதன் தோல் மெல்லியது. பழுத்த பின் சில நாள்களே தாங்கும். நல்ல சுவையுள்ள பழத்துக்கே கூடுதலான கவனம் தேவைப்படுகிறது.

தமிழ்நாட்டில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்கள் மா விளைச்சலுக்குப் பெயர் பெற்றவை. அங்கு விளையும் பெங்களூரா என்னும் கிளிமூக்கு இரகத்தின் பெரும்பகுதி மாங்கூழ் ஆலைகளுக்குச் செல்கிறது. கூழ், ஆலையில் சூடாக்கப்பட்டுக் காற்றுப் புகாமல் அடைக்கப்படுவதால் பல மாதங்கள் கெடாது. பழ ஈ பற்றிய அச்சமும் அதற்கு இல்லை. புதிய பழத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதனால்தான் அதன் வழங்கல் சங்கிலி மிகவும் நுட்பமானதாக உள்ளது.

பறித்த பின்னும் உயிருள்ள பொருள்

மரத்திலிருந்து பறித்த மாங்காய் இறந்துவிடுவதில்லை. அது தொடர்ந்து சுவாசிக்கிறது. தன்னுள் சேர்த்து வைத்த மாவுப்பொருளையும் சர்க்கரையையும் செலவிட்டு, வெப்பத்தையும் நீராவியையும் கரியமில வாயுவையும் வெளிவிடுகிறது. மாங்காய், வாழைக்காய் போன்றவை முதிர்ந்த நிலையில் பறிக்கப்பட்டால் பின்னர் பழுக்கும் வகையைச் சேர்ந்தவை. பழுக்கும் தறுவாயில் அவற்றின் சுவாசம் திடீரென உயரும். எத்திலீன் என்னும் வாயு அவற்றிலிருந்து வெளிப்படும். ஒரு காயிலிருந்து வரும் எத்திலீன் பக்கத்துக் காய்களையும் பழுக்கத் தூண்டும். பெட்டிக்குள் ஒரே ஒரு பழம் முன்கூட்டிப் பழுத்தால் மற்றவையும் அதைத் தொடர்வது இதனால்தான். திராட்சை, மாதுளை, ஆரஞ்சு போன்றவை பறித்த பின் பழுக்காதவை; அவற்றைக் கொடியிலோ மரத்திலோ முழுமையாகப் பழுக்க விட்டே பறிக்க வேண்டும்.

சுவாசத்தின் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது. வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் உயர்ந்தால் சுவாசம் ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மடங்காகும். குறைந்த கணக்காக இரண்டு மடங்கு என்றே கொள்வோம். 12 பாகையில் வைக்க வேண்டிய காய் 32 பாகை வெயிலில் ஒரு நாள் கிடந்தால், அது குளிர்ந்த அறையில் நான்கு நாள் இருந்ததற்குச் சமமாக முதுமை அடைகிறது. பார்வைக்கு அன்று எந்த மாற்றமும் தெரியாது. இழந்த மூன்று நாள்கள் இரண்டு வாரங்கள் கழித்து, வேறொரு நாட்டின் கடையில், கரும்புள்ளியாகவும் சுருங்கிய தோலாகவும் வெளிப்படும்.

அதற்காக மிகுதியாகக் குளிர வைப்பதும் தவறு. மா வெப்ப மண்டலப் பயிர். முதிர்ந்த பச்சைக் காயை ஏறத்தாழ 12 பாகைக்குக் கீழே பல நாள்கள் வைத்தால் குளிர்ச் சேதம் உண்டாகும். தோல் சாம்பல் நிறமடையும், சிறு குழிகள் விழும், பின்னர் வெப்பத்துக்குக் கொண்டுவந்தாலும் சீராகப் பழுக்காது, மணம் குன்றும். வாழைக்கும் 13 பாகைக்குக் கீழே இதே நிலைதான். திராட்சையோ 0 பாகை அளவிலேயே நன்றாக இருக்கும். ஆகவே ஒரே கொள்கலனில் எல்லாப் பழங்களையும் கலந்து அனுப்புவது எல்லாவற்றுக்கும் கேடு.

சங்கிலியின் கட்டங்கள்

தோட்டம்

ஏற்றுமதித் தரத்தின் பாதி வேலை பூக்கும் காலத்திலேயே தொடங்குகிறது. ஆந்த்ராக்னோஸ் என்னும் பூசண நோய் பூவிலும் பிஞ்சிலும் தொற்றிக்கொண்டு, காயின் தோலில் அடையாளமின்றி உறங்கிக் கிடக்கும். காய் பழுக்கும்போதுதான் கரும்புள்ளிகளாக வெளிவரும். சிப்பமிடும் நாளில் மாசு மருவற்றதாகத் தோன்றும் காய், வெளிநாட்டில் புள்ளி விழுந்து நிற்பது இதனால்தான். காய்ந்த கிளைகளை நீக்குதல், மரத்தின் நடுப்பகுதியில் ஒளியும் காற்றும் புகும்படி கவாத்து செய்தல், உரிய காலத்தில் மருந்து தெளித்தல் ஆகியவையே இதற்குத் தடுப்பு.

பழ ஈ மற்றொரு பெரிய பகை. பெண் ஈ காயின் தோலுக்கு அடியில் முட்டையிடும். வெளியே ஊசி குத்தியது போன்ற புள்ளி மட்டுமே தெரியும். உள்ளே புழுக்கள் சதையைத் தின்று வளரும். ஆண் ஈக்களைக் கவரும் மெத்தில் யூஜினால் பொறிகளைத் தோட்டத்தில் தொங்கவிடுதல், விழுந்த பழங்களை நாள்தோறும் பொறுக்கிப் புதைத்தல், வளரும் காய்களுக்குக் காகித உறை கட்டுதல் ஆகியவை பயனுள்ள முறைகள். விழுந்த பழங்களை மரத்தடியிலேயே விட்டுவைக்கும் ஒரு தோட்டம், சுற்றியுள்ள எல்லாத் தோட்டங்களுக்கும் ஈயை வளர்த்துத் தரும்.

பூச்சிமருந்து எச்சம் மூன்றாவது சிக்கல். ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு மருந்துக்கும் அதிகபட்ச எச்ச அளவை வகுத்துள்ளது. தனியாக அளவு குறிப்பிடப்படாத மருந்துகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் ஒரு கிலோ பழத்துக்கு 0.01 மில்லிகிராம் என்னும் பொது வரம்பை வைத்துள்ளது. உள்நாட்டில் அனுமதிக்கப்பட்ட மருந்தே வெளிநாட்டில் வரம்பை மீறியதாகக் கருதப்படலாம். எனவே எந்த நாட்டுக்கு அனுப்பப் போகிறோம் என்பது தெளிப்பதற்கு முன்பே உழவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எந்த மருந்து, எந்த நாள், எவ்வளவு என்று எழுதி வைக்கும் தெளிப்புப் பதிவேடு, ஏற்றுமதித் தோட்டத்தில் மண்வெட்டியைப் போல இன்றியமையாத கருவி.

அறுவடை

மாங்காய் முழு முதிர்ச்சியை அடைந்து, ஆனால் பழுக்கத் தொடங்கும் முன் பறிக்கப்பட வேண்டும். காம்பைச் சுற்றியுள்ள தோள்பகுதி உப்பி, காம்பு குழிக்குள் இருப்பதுபோல் தோன்றுவது முதிர்ச்சியின் அடையாளம். முதிர்ந்த காய் தண்ணீரில் மூழ்கும். முதிராத காய் மிதக்கும். முதிராத காய் நீண்ட பயணத்தைத் தாங்கினாலும் இனிக்காது. மிகவும் முதிர்ந்த காய் இனிக்கும். ஆனால் வழியிலேயே பழுத்துவிடும். அல்போன்சாவில் மிகவும் முதிர விட்டுப் பறிப்பதால் இன்னொரு கேடும் நேரலாம். வெளியே குறையற்றுத் தோன்றும் பழத்தின் உட்சதை வெளிறிப் பஞ்சுபோல் ஆகிவிடும். இதை வெளியிலிருந்து கண்டறிய இயலாது.

ஒரே மரத்திலுள்ள காய்கள் எல்லாம் ஒரே நாளில் முதிர்வதில்லை. ஆகவே ஏற்றுமதிக்கு இரண்டு மூன்று சுற்றுகளாகப் பறிக்க வேண்டும். கிளையை உலுக்கிக் காயைத் தரையில் விழச் செய்வது கூடாது. வலைப்பையும் கத்தியும் பொருத்திய தொரட்டியால், சில சென்டிமீட்டர் காம்போடு பறிப்பதே முறை. காம்பு ஒடிந்தால் பீறிடும் பால் தோலில் பட்டு, பட்ட இடம் கருகும். எனவே பறித்த காய்களை நிழலில் வைத்து, காம்பை ஒட்ட நறுக்கி, தலைகீழாகச் சட்டங்களில் அடுக்கிப் பால் வடிய விடுவார்கள். காயைச் சாக்கில் கட்டுவதும், வண்டியில் குவியலாகக் கொட்டுவதும் கண்ணுக்குத் தெரியாத அடிகளை உண்டாக்கும். காலையிலேயே பறித்து, நிழலில் வைத்து, அன்றே சிப்பக் கூடத்துக்கு அனுப்புவது செலவு மிகக் குறைந்ததும் பயன் மிகுந்ததுமான மேம்பாடு ஆகும்.

சிப்பக் கூடம்

சிப்பக் கூடத்தில் காய்கள் கழுவப்பட்டு, எடைவாரியாகவும் தோற்றத்தின்படியும் பிரிக்கப்படுகின்றன. இந்தியாவில் பல ஏற்றுமதிச் சந்தைகளுக்கு, அபெடா எனப்படும் வேளாண் மற்றும் பதப்படுத்தப்பட்ட உணவுப்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையத்தின் ஏற்புப் பெற்ற கூடங்களிலேயே சிப்பமிட வேண்டும். 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்த ஆணையம் 1986 முதல் செயல்படுகிறது.

பெட்டி என்பது வெறும் உறை அன்று. அதன் துளைகள் குளிர்ந்த காற்று உள்ளே புகுவதற்கு உரியவை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது துளைகள் நேர்கோட்டில் அமையாவிட்டால் நடுவிலுள்ள பெட்டிகள் குளிராது. ஈரம் மிகுந்த குளிர் அறையில் நெளி அட்டை வலுவிழக்கும் என்பதால், அடிப்பெட்டி நசுங்காத அளவு வலிமையான அட்டை தேவை. மரப்பலகைத் தட்டுகளைப் பயன்படுத்தினால், பலகையின் உட்பகுதி 56 பாகையில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டதற்கான பன்னாட்டு முத்திரை அதில் இருக்க வேண்டும். பழம் சுத்தமாக இருந்தும் பலகையில் முத்திரை இல்லாததால் சரக்கு சிக்கிக்கொள்ளக் கூடும்.

பூச்சி நீக்கச் சிகிச்சை

இறக்குமதி செய்யும் நாடுகள் தங்கள் தோட்டங்களைக் காக்க, பூச்சியற்ற பழத்தையே ஏற்கின்றன. ஒவ்வொரு நாடும் ஏற்கும் சிகிச்சை வேறுபடுகிறது.

ஐரோப்பிய ஒன்றியம்: வெந்நீர் முழுக்கு. இந்திய மாம்பழம் 48 பாகை வெந்நீரில் 60 நிமிடம் வைக்கப்படுகிறது.

ஜப்பான்: நீராவி வெப்பச் சிகிச்சை. பழத்தின் உட்பகுதி 47.5 பாகையை அடைந்து 20 நிமிடம் அந்நிலையில் இருக்க வேண்டும். அல்போன்சா, கேசர், பங்கனப்பள்ளி, லங்கடா, சௌசா, மல்லிகா ஆகிய ஆறு இரகங்களுக்கு ஜப்பான் 2006இல் சந்தையைத் திறந்தது.

அமெரிக்கா: கதிரூட்டல். குறைந்தது 400 கிரே அளவு கதிர் பழத்தில் ஏற வேண்டும். கொட்டைக்குள் ஒளிந்திருக்கும் மாங்கொட்டை வண்டையும் இது எட்டும். பூச்சி உடனே சாகாவிட்டாலும் வளரவோ இனம்பெருக்கவோ இயலாததாகிவிடும். இதனால் பழம் கதிரியக்கம் உடையதாக மாறுவதில்லை. 1989 முதல் மூடியிருந்த அமெரிக்கச் சந்தை, மராட்டிய மாநிலம் நாசிக் மாவட்டத்தின் லாசல்காவ் கதிரூட்டு நிலையத்தின் வழியாக 2007இல் திறந்தது.

வெந்நீர் முழுக்குக்குப் பின் காயை உடனே குளிர வைக்காவிட்டால் அந்த வெப்பமே பழுத்தலை விரைவுபடுத்தும். சரியாக முதிராத காய் வெந்நீரைத் தாங்காது. தோல் வெந்து, உள்ளே குழி விழும். பூச்சியைக் கொல்லும் வெப்பத்துக்கும் பழத்தைக் கெடுக்கும் வெப்பத்துக்கும் இடையே உள்ள இடைவெளி மிகக் குறுகியது. ஆகவே தொட்டியின் வெப்பமானியை முறையாகச் சரிபார்ப்பது இக்கட்டத்தின் உயிர்நாடி.

குளிரூட்டல்

குளிர்பதனக் கொள்கலன் பற்றிப் பரவலாக உள்ள தவறான எண்ணம், அது சூடான பழத்தைக் குளிர்விக்கும் என்பது. அதன் இயந்திரம் ஏற்கெனவே குளிர்ந்த பழத்தை அந்த நிலையில் வைத்திருப்பதற்கே வடிவமைக்கப்பட்டது. பழத்தில் தேங்கிய தோட்டத்து வெப்பத்தை, ஏற்றுவதற்கு முன்பே முன்குளிரூட்டும் அறையில் நீக்க வேண்டும். விசிறிகளால் குளிர்ந்த காற்றைப் பெட்டித் துளைகள் வழியே இழுத்துச் செலுத்தும் முறையில் இது சில மணி நேரத்தில் முடியும். சாதாரணக் குளிர் அறையில் அடுக்கி வைத்தால் ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம்.

போக்குவரத்து

விமானத்தில் செல்லும் மாம்பழம் ஓரிரு நாளில் சேர்ந்துவிடும். ஆனால் கட்டணம் மிக அதிகம். விமானப் பயணத்திலும் குளிர்பதனம் இடையறாது இருப்பதில்லை. சரக்கு முனையத்திலும், விமானத்தில் ஏற்றும் திறந்தவெளியிலும், இறங்கிய பின் ஆய்வுக்காகவும் பெட்டிகள் காத்திருக்கின்றன. அந்தச் சில மணி நேரம் வெயிலில் கழிந்தால், அதுவரை காத்த குளிர்ச்சி வீணாகும். குளிர்ந்த பழத்தின்மீது வெப்பக் காற்றின் ஈரம் படிந்து, பூசணம் வளரவும் வழியாகும்.

கப்பல் கட்டணம் குறைவு; காலம் நீண்டது. 2022இல் நவி மும்பையிலிருந்து அமெரிக்காவுக்கு மாம்பழம் கப்பல் வழியே சோதனை முறையில் அனுப்பப்பட்டது. பயணம் ஏறத்தாழ 25 நாள். இத்தகைய நீண்ட பயணத்துக்கு வெப்பநிலையைக் கட்டுப்படுத்தினால் மட்டும் போதாது. உயிர்வளியைக் குறைத்து, கரியமில வாயுவைச் சற்றுக் கூட்டி, பழத்தின் சுவாசத்தை மந்தப்படுத்தும் கட்டுப்படுத்திய வளிமண்டலக் கொள்கலன்கள் இதற்கு உதவுகின்றன. கொள்கலனில் குளிர்ந்த காற்று தரையின் பள்ளங்கள் வழியாக வந்து மேல்நோக்கி எழும். தரையைச் சீராக மூடி அடுக்காமல் இடைவெளி விட்டால் காற்று அந்த இடைவெளி வழியே தப்பிவிடும். உட்புறச் சுவரில் வரையப்பட்ட சிவப்புக் கோட்டுக்கு மேல் அடுக்கினால் காற்று திரும்பிச் செல்லும் பாதை அடைபடும்.

வந்து சேர்ந்த பின்

வெளிநாட்டில் இறங்கியவுடன் சங்கிலி முடிந்துவிடுவதில்லை. பச்சையாகச் சென்ற காயை அங்கே எத்திலீன் அறையில் சீராகப் பழுக்க வைத்து, கடைகளுக்கு அனுப்ப வேண்டும். இந்தியாவில் கால்சியம் கார்பைடு கொண்டு, அதாவது கல் வைத்து, பழுக்க வைப்பது உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி தடைசெய்யப்பட்டுள்ளது. எத்திலீன் வாயு, வரையறுத்த அளவில் அனுமதிக்கப்பட்டுள்ளது.

மூன்று நிகழ்வுகள்

சங்கிலியின் ஒரு பகுதியில் ஏற்படும் குறை எவ்வாறு எல்லோரையும் பாதிக்கிறது என்பதை மூன்று நிகழ்வுகள் காட்டுகின்றன.

முதலாவது, 2010இல் இந்தியத் திராட்சைக்கு நேர்ந்தது. கொடியின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தப் பயன்படுத்தப்பட்ட குளோர்மெகுவாட் குளோரைடு என்னும் வேதிப்பொருளின் எச்சம் வரம்பை மீறியதாக ஐரோப்பாவில் சரக்குகள் நிறுத்தப்பட்டன. இந்திய ஆய்வகங்கள் பல மருந்துகளுக்குச் சோதனை செய்திருந்தன. ஆனால் அன்றைய சோதனைப் பட்டியலில் இந்தப் பொருள் இல்லை. சோதனை நடந்திருந்தும், சோதிக்க வேண்டியது சோதிக்கப்படவில்லை. வாங்கும் நாட்டின் விதி மாறும்போது, விற்கும் நாட்டின் பட்டியலும் அதே வேகத்தில் மாற வேண்டும் என்பதே இதன் பாடம்.

இரண்டாவது, 2014ஆம் ஆண்டுத் தடை. 2013இல் இந்தியாவிலிருந்து வந்த காய்கனிச் சரக்குகளில் 207இல் பழ ஈ முதலிய பூச்சிகள் காணப்பட்டதைக் காரணம் காட்டி, 2014 மே 1 முதல் மாம்பழத்தையும், கத்தரி, பாகல், புடலை, சேம்பு ஆகியவற்றையும் ஐரோப்பிய ஒன்றியம் தடைசெய்தது. மாம்பழப் பருவத்தின் நடுவில் வந்த தடை அது. பூச்சியின்றிக் கவனமாக விளைவித்த உழவருக்கும், கவனமின்றி அனுப்பியவருக்கும் ஒரே தண்டனைதான் கிடைத்தது. ஐரோப்பாவுக்கு என்று வைத்திருந்த பழம் உள்நாட்டுச் சந்தைக்குத் திரும்பியது. சிப்பக் கூடங்களின் ஆய்வு முறை இறுக்கப்பட்டு, வெந்நீர் முழுக்கு முறை நடைமுறைக்கு வந்த பின், 2015 சனவரியில் மாம்பழத்தின் மீதான தடை, குறித்த காலத்துக்கு முன்பே நீக்கப்பட்டது.

மூன்றாவது, 2025 மே மாதத்தில் நிகழ்ந்தது. விமானத்தில் அமெரிக்கா சென்ற மாம்பழச் சரக்குகள் சுமார் 15, லாஸ் ஏஞ்சலஸ், சான் பிரான்சிஸ்கோ, அட்லாண்டா விமான நிலையங்களில் ஏற்கப்படவில்லை என்று செய்திகள் வெளியாயின. கதிரூட்டல் தொடர்பான ஆவணத்தில் பிழை இருந்ததாக அமெரிக்க அதிகாரிகள் கூறினர். திருப்பி அனுப்பும் செலவு பழத்தின் விலையைவிட மிகுதி என்பதால், அனுப்பியவர்கள் அவற்றை அங்கேயே அழிக்க ஒப்புக்கொண்டனர். பழத்தில் பூச்சி கண்டுபிடிக்கப்பட்டதால் வந்த இழப்பு அன்று; தாளில் வந்த இழப்பு. ஆவணமும் சங்கிலியின் ஒரு கண்ணியே என்பதை இது உணர்த்துகிறது.

தடமறிதல்

ஒரு பெட்டியில் குறை கண்டால், அது எந்தத் தோட்டத்தில், எந்த நாளில் பறிக்கப்பட்டது, எந்தக் கூடத்தில் சிப்பமிடப்பட்டது என்று பின்னோக்கிச் சென்று அறியும் வசதிக்குத் தடமறிதல் என்று பெயர். இது இல்லாதபோது வாங்கும் நாட்டுக்கு இருக்கும் ஒரே வழி, எல்லோரையும் நிறுத்துவது. இது இருந்தால், குறையுள்ள தோட்டத்தை மட்டும் நிறுத்தலாம். அந்த வகையில் தடமறிதல், கவனமாக உழைக்கும் உழவருக்கான காப்பு.

அபெடா 2006இல் கிரேப்நெட் என்னும் இணைய முறையை ஐரோப்பா செல்லும் திராட்சைக்காகத் தொடங்கியது. தோட்டப் பதிவு, ஆய்வக முடிவு, சிப்பக் கூட விவரம், தாவர நலச் சான்றிதழ் ஆகியவை அதில் ஒன்றாக இணைக்கப்பட்டன. பின்னர் மா உள்ளிட்ட பிற பயிர்களுக்கும் இம்முறை விரிவாக்கப்பட்டது. எனினும் கணினியில் எண் இருப்பது மட்டும் போதாது. தோட்டத்தில் இரண்டு உழவரின் காய்கள் ஒரே வண்டியில் கலந்துவிட்டால், பெட்டியில் ஒட்டிய எண் பொய்யாகிவிடும்.

தரத்தைக் கணக்கிடுதல்

மாணவர்கள் எளிதில் செய்து பார்க்கக்கூடிய ஒரு கணக்கு, சங்கிலியின் இயல்பை விளக்கும். இதிலுள்ள எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. ஒரு சங்கிலியில் ஆறு கட்டங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் 100க்கு 95 பழங்கள் நல்ல நிலையில் கடக்கின்றன. ஒவ்வொரு கட்டத்தாரும் தம் வேலை நன்று என்றே எண்ணுவர். ஆனால் 0.95ஐ ஆறு முறை பெருக்கினால் இறுதியில் சேர்வது 100க்கு ஏறத்தாழ 74 மட்டுமே. மற்றொரு சங்கிலியில் ஐந்து கட்டங்கள் 100க்கு 99 என்னும் சிறந்த நிலையில் உள்ளன. ஒன்றில் மட்டும் 70. அதன் இறுதி விடை ஏறத்தாழ 67. ஐந்து இடங்களில் செய்த செலவை ஆறாவது இடம் விழுங்கிவிட்டது.

இதிலிருந்து, எங்கே முதலில் செலவிட வேண்டும் என்பது விளங்கும். ஏற்கெனவே நன்றாக உள்ள கட்டத்தை மேலும் மெருகூட்டுவதைவிட, மிக நலிந்த கட்டத்தைச் சீராக்குவதே பயன் தரும். அதைக் கண்டறிய ஒவ்வொரு கைமாற்றத்திலும் அளக்க வேண்டும். பறித்த நேரம், கூடத்தில் சேர்ந்த நேரம், உட்சதையின் வெப்பநிலை, கழிக்கப்பட்ட காய்களின் எண்ணிக்கையும் காரணமும், பயணம் முழுவதும் பதிவான வெப்பநிலை, இறங்கிய இடத்து அறிக்கை ஆகியவை அடிப்படை அளவுகள். பெட்டிக்குள் வைக்கும் சிறிய வெப்பநிலைப் பதிவுக் கருவி, எந்த இடத்தில் எத்தனை மணி நேரம் குளிர்ச்சி தவறியது என்பதைக் காட்டிக் கொடுக்கும்.

இழப்பைச் சுமப்பவர் யார்

கருவிகளும் அறைகளும் இருந்தும் தரம் உயராததற்கு, கூலியும் விலையும் அமைந்துள்ள முறையே பல இடங்களில் காரணமாகிறது. பல மாந்தோப்புகள் பூக்கும் பருவத்திலோ அதற்கு முன்போ வியாபாரிக்குக் குத்தகைக்கு விடப்படுகின்றன. தோப்பு உரிமையாளருக்குத் தொகை முன்பே கிடைத்துவிடுவதால், விழுந்த பழத்தைப் பொறுக்கவும் கவாத்து செய்யவும் அவருக்குத் தூண்டுதல் குறைவு. குத்தகைதாரருக்கோ அடுத்த ஆண்டு அதே தோப்பு கிடைக்கும் என்னும் உறுதி இல்லை. பறிப்பவருக்கு எடைக்கோ கூடைக்கோ கூலி என்றால், அவர் வேகமாகப் பறிப்பாரே தவிர மெதுவாகப் பறிக்க மாட்டார். மண்டியில் எல்லாக் காய்க்கும் ஒரே விலை என்றால், கவனமாகப் பறித்த காய்க்கும் உலுக்கிப் பறித்த காய்க்கும் வேறுபாடு இல்லாமல் போகிறது.

மேலும், குறை தெரியும் இடமும் குறை உண்டான இடமும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. வெளிநாட்டில் கழிக்கப்பட்ட பழத்துக்கான பிடித்தம் மட்டுமே உழவரை வந்தடைகிறது, காரணம் வந்தடைவதில்லை. காரணம் தெரியாத தண்டனை யாரையும் திருத்தாது.

மேம்பாட்டு வழிகள்

மேற்கண்டவற்றிலிருந்து பின்வரும் வழிகள் முதன்மை பெறுகின்றன.

1. தரவாரி விலை: முதல் தரக் காய்க்கு வெளிப்படையான கூடுதல் விலையும், பறிப்பவருக்குக் கவனத்துக்கான தனிக் கூலியும் தருதல்.

2. அறிக்கை திரும்பி வருதல்: வெளிநாட்டில் எடுத்த படம், கழிவு அளவு, காரணம் ஆகியவற்றைத் தோட்ட எண்ணோடு உழவருக்கு அவர் மொழியில் தெரிவித்தல்.

3. கூட்டு முயற்சி: சிறு உழவர் ஒருவரால் முன்குளிரூட்டும் அறையோ ஆய்வகச் செலவோ தாங்க இயலாது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் வழியாக நிழற்கூடம், டிரேக்கள், குளிர்பதன வண்டி ஆகியவற்றைப் பகிர்ந்துகொள்ளலாம். பழ ஈப் பொறிகளை ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் வைத்தால்தான் பயன் உண்டு.

4. அருகிலேயே சிகிச்சை: வெந்நீர், நீராவி, கதிரூட்டல் நிலையங்கள் தோட்டங்களுக்கு அருகில் இருந்தால், காய் சூடான சாலையில் கழிக்கும் நேரம் குறையும்.

5. விதிகளை முன்னறிதல்: இறக்குமதி நாடுகளின் எச்ச வரம்புகளில் வரும் மாற்றங்களைத் தெளிப்புப் பருவத்துக்கு முன்பே தோட்டங்களுக்குக் கொண்டு சேர்த்தல்.

6. ஆவண ஒத்திகை: பருவம் தொடங்கும் முன் ஒரு மாதிரிச் சரக்கின் எல்லாத் தாள்களையும் தொடக்கம் முதல் இறுதி வரை சரிபார்த்தல், பெட்டி எண்ணிலிருந்து தோட்டம் வரை தடமறிந்து பார்த்தல்.

இவற்றுள் முதலிரண்டும் ஆறாவதும் பெரிய முதலீடு தேவைப்படாதவை. நிழலில் வைப்பது, காம்போடு பறிப்பது, விழுந்த பழத்தைப் புதைப்பது போன்றவையும் அப்படியே. குளிர் அறை கட்டுவதற்கு முன்பே தொடங்கக்கூடிய இந்த எளிய செயல்களைச் செய்யாத இடத்தில், விலையுயர்ந்த குளிர் அறை ஏற்கெனவே கெடத் தொடங்கிய பழத்தையே பாதுகாத்துக்கொண்டிருக்கும்.